இரண்டாம் சூளை

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் வாலுவும் சுகந்தானே? வாலுவுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது என்றுதான் கடிதம் எழுத ஆரம்பித்தோம். மூன்று வருடமாகச் சண்டை இல்லை. எல்லாம் தபால்காரர் செய்த புண்ணியம் என்கிறாள் அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வலது முழங்காலுக்குப் பிப்ரவரி 20 அன்று அறுவை சிகிச்சை. "சின்னவன் வந்தாத்தான் படுப்பேன், இல்லேன்னா எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துடுவேன்" என்கிறாள். நடக்க முடியாமல்தானே அறுவை சிகிச்சை என்று கேட்டேன். நான்கு நாள் லீவு போட்டு வா.

இன்னொன்று. என் வேலை உனக்குத் தெரியும். ஆலைகள் எவ்வளவு கரியமில வாயு விட்டோம் என்று எழுதி அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது. உன் ஆலையின் கோப்பு மட்டும் என் மேசைக்கு வராது. தம்பி அங்கே வேலை பார்க்கிறான் என்று முதல் வருடமே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது பக்கத்து மேசைக்குப் போகிறது. அந்த மேசைக்காரரிடம் மணி கேட்டால்கூட நாளில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று சொல்வார். அதனால் அவருக்குச் சதவீதம் என்றே பெயர். நேற்று உங்கள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "உங்க தம்பி ஆலை ஒரே வருஷத்துல முப்பத்தஞ்சு சதவீதம் குறைச்சிருக்கும்மா. ரெண்டு சூளையில ஒண்ணையே ஜூன் மாசம் நிறுத்திட்டாங்க. இனிமே மத்தவங்களுக்கெல்லாம் இதுதான் அளவுகோல்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கல்லுக்கு ஏதுடி வாயு, அது என்ன என் வயிறா?" என்று கேட்டாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. நீயே எழுது.

புழுதியில் முகமூடி இல்லாமல் நிற்காதே.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். வாலுவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. உன்னைப் போல வரும் என்கிறாள் என் மனைவி. நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அம்மா, கல்லுக்கும் வாயு உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குள் அது கட்டுண்டு கிடக்கிறது. எங்கள் சூளை என்பது அறுபது மீட்டர் நீளத்துக்குப் படுத்தபடி சுற்றிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய். அதில் நூறு கிலோ கல்லைப் போட்டால் நாற்பத்து நான்கு கிலோ வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. நிலக்கரி எரிவதால் வருவது தனிக்கணக்கு. வேறு எரிபொருள் போட்டு அதைக் குறைக்கலாம். கல்லுக்குள்ளிருந்து வருவதைக் குறைக்க வேண்டுமென்றால் கல்லையே குறைக்க வேண்டும்.

அதற்குத்தான் என் களிமண். சூளையில் வெந்து கோலிக்குண்டு மாதிரி வெளியே விழுவதற்குக் கிளிங்கர் என்று பெயர். அதை அரைத்தால் சிமெண்ட். அதில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துவிட்டு, சுட்ட களிமண்ணும் கொஞ்சம் சுடாத கல்தூளும் சேர்த்தால் சிமெண்ட் சிமெண்டாகவே இருக்கும். களிமண்ணைச் சுட்டால் தண்ணீர்தான் வெளியே வரும். அதற்குச் சூடும் பாதி போதும். நான் கண்டுபிடித்ததல்ல இது. மேலாளரிடம் எட்டு முறை போய்ச் சொன்னவன் மட்டும் நான். எட்டாவது முறை அவர், "சரிப்பா, உன் தொல்லை தாங்கல. செஞ்சு தொலை" என்றார். ஒரு டன் சிமெண்டுக்கு எண்ணூறு கிலோ விட்டுக்கொண்டிருந்தோம். ஐந்நூற்று இருபதுக்கு வந்தது. ஆலை வாசலில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். என்னை இப்போது எல்லோரும் களிமண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

மழையில் களிமண் கொஞ்சம் அடம்பிடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் தேதியே வந்துவிடுவேன். அம்மாவைப் படுக்கச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? கண் விழித்ததும் என்னைக் கேட்டாளா? கேட்டிருப்பாள். உன் தந்தி மாதிரியான குறுஞ்செய்தி வந்தது: "முடிந்தது. நலம்." அதில் இருந்த கோபமும் வந்து சேர்ந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. பதினெட்டாம் தேதி மதியம் பை கட்டி வாசலில் வைத்துவிட்டேன். இரண்டாம் சூளையின் மேனி சிவந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்தது. சூளைக்குள்ளே வரிசையாகத் தீச்செங்கல் பதித்திருக்கும். ஓரிடத்தில் கழன்று விழுந்தால் நெருப்பு நேராக இரும்பைத் தொடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு அகலத்துக்குப் பழுத்த சிவப்பு. விட்டால் குழாயே வளைந்துவிடும். அதன் குணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சூட்டை இறக்கி, ஆறவைத்து, செங்கல் மாற்றி, மறுபடி ஏற்றி முடிக்க எட்டு நாள் ஆகிவிட்டது. நேற்றுத்தான் வீட்டில் குளித்தேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ சொல். நான் எழுதினால் ஒப்பாரியாகிவிடும்.

உன் தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா தேறி வருகிறாள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்கிறாள். ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களின் நடையைக் குறை சொல்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பாவம், செங்கல்லு விழுந்தா அவன் என்ன பண்ணுவான்" என்றாள். நானாக இருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். நீ சின்னவன், கொடுத்து வைத்தவன்.

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. இரண்டாம் சூளையை ஜூன் மாதமே நிறுத்தியாகிவிட்டது என்றல்லவா அறிக்கையில் இருக்கிறது? நிறுத்திய சூளை எப்படிச் சிவக்கும்? நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவுக்குத் தனியாக ஒரு கைத்தடி அனுப்பியிருக்கிறேன். எங்கள் தச்சுப்பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தது. அடியில் ரப்பர் மாட்டியிருக்கிறது, வழுக்காது. உயரம் கூடுதலாக இருந்தால் கீழே அரை விரல் அறுத்துவிடு.

வாலு பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். ஓடியது மூன்று பேர். மூன்றாவது பெண்ணுக்கு நடுவழியில் செருப்பு அறுந்துவிட்டதாம். ஆனாலும் வீடு முழுக்கக் கொண்டாட்டம். என் மனைவிக்குப் பழைய தலைவலி மறுபடி வந்து, கண்ணாடி மாற்றியதும் போய்விட்டது. வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நானே சரிசெய்தேன், இப்போது கூடுதலாக ஒழுகுகிறது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கைத்தடி வந்தது. அளவு சரியாக இருக்கிறது. அம்மா அதை நடக்கப் பயன்படுத்துவதைவிடச் சுட்டிக்காட்டத்தான் அதிகம் பயன்படுத்துகிறாள்.

சூளையைப் பற்றி நான் கேட்டதற்கு நீ குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்த அன்றும் இப்படித்தான், கேட்காமலே வீட்டுப்பாடத்தை ஒப்பித்தாய். அதனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏன் கேட்டேன் என்று இதுவரை சொல்லவில்லை. அது என் தப்பு. இப்போது சொல்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஆலை இருக்கிறது. ஒரே சூளை, நூற்றெண்பது பேர். அவர்கள் கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது. உங்களைப் பார்த்து அவர்களும் களிமண்ணுக்கு மாறினார்கள். எண்ணூறிலிருந்து அறுநூற்றுத் தொண்ணூறுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் கீழே கையால் எழுதியிருக்கும்: "இந்த மாதம் களிமண் ஈரம், கூடிவிட்டது", "மூட்டைகள் திரும்பி வந்தன, மறுபடி முயல்கிறோம்". அந்தக் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. புது அளவுகோல்படி அவர்கள் தேறவில்லை. ஜூலையில் அவர்கள் உரிமத்தை நிறுத்தச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அளவுகோல் உங்கள் ஐந்நூற்று இருபது.

அந்த எண் உண்மையா, இல்லையா? அம்மாவைப் பார்க்க வராததற்கு நீ எழுதிய சூளைக் கடிதத்தை யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் தெரிந்த பிறகு தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்க எனக்கு வராது. இருபதாம் தேதிவரை காத்திருப்பேன்.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

உண்மை இல்லை. போதுமா?

நான்கு மாதம் உண்மையாகத்தான் இருந்தது. அப்புறம் மழை. களிமண் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, அதைச் சுடுகிற உலைக்குள் இறங்கவில்லை. இறங்கியது சரியாக வேகவில்லை. அந்தச் சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, மறுநாளும் இறுகவில்லை. கட்டடக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் சொன்னார், "ரெண்டு வாரம் ரெண்டாவது சூளைய ஓட்டி பழையபடி கிளிங்கர் போடுவோம், களிமண்ணு சரியாச்சுன்னா நிறுத்திடலாம். நோட்டுல எதையும் மாத்த வேணாம்." இரண்டு வாரம் ஆறு மாதமாகிவிட்டது. அந்த நோட்டில் தினமும் எழுதுகிறவன் நான்.

வாசலில் என் படம் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். உனக்கு மேசை, தாள், பேனா. இங்கே சூளை நின்றால் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்று உன் தாளில் எங்கே எழுதியிருக்கிறது? ஆற்றோரத்து நூற்றெண்பது பேர் கண்ணில் பட்டார்கள், தம்பி படவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுத வேண்டாம் என்றாலும் இதைச் சொல்லாமல் இருந்தால் முதுகில் குத்தியது போலாகும்.

நேற்று எங்கள் மேலதிகாரியிடம் போனேன். "அந்த ஆலைக்குத் தாளை நம்பாம நேர்ல போய்ப் பாருங்க சார்" என்றேன். "யார் சொன்னது?" என்றார். "சொல்ல முடியாது. ஆனா என் தம்பி அங்கதான் இருக்கான், அதையும் நினைப்புல வெச்சுக்குங்க" என்றேன். சதவீதம்தான் வரப்போகிறார். விதிப்படி முன்கூட்டியே ஆலைக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வருவார்கள்.

நீ என் கண்ணில் படாமல் இல்லை. பட்டதால்தான் பதினெட்டு நாள் காத்திருந்தேன்.

அக்கா

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். மாடிப்படி ஏறிவிட்டாள். உன்னிடமிருந்து ஏன் கடிதம் வரவில்லை என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம்பவில்லை. "மறுபடி சண்டையா? கடுதாசியிலயுமா?" என்றாள்.

அக்கா

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம்.

உங்கள் ஆள் திங்கட்கிழமை வந்தார். ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டதால் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டாம் சூளையை நிறுத்தினோம். நான்தான் நிறுத்தினேன். ஆறவிட்டு, கூட்டிப் பெருக்கி, மேலே புழுதியைத் தூவச் சொன்னார் மேலாளர், நாள்பட்ட மாதிரி தெரிய. புழுதிக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

வந்தவர் நோட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. களிமண் உலையைப் பார்த்தார், அன்று நல்ல வெயில், ஒழுங்காக ஓடியது. கடைசியாக இரண்டாம் சூளைக்கு வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. நல்ல மனிதர் அக்கா, எங்களை நம்ப ஆசைப்பட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, தாளில் நிரப்புவதற்காக, பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார்.

"இது எப்பங்க நிறுத்தினது?"

"போன செவ்வாக்கிழமை" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார், வாயில் வந்துவிட்டது. மேலாளர் சிரித்துவிட்டு, "போன வருஷம் ஜூன்ல ஒரு செவ்வாக்கிழமைங்க" என்றார். உங்கள் ஆள் என்னைப் பார்த்தார். பேனா தாளின் மேலேயே நின்றது. அதற்குள் திருத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. "இல்லீங்க, ஆறு நாள்தான் ஆச்சு. உள்ள புதுச் செங்கல் இருக்கு, பிப்ரவரியில நான்தான் மாத்தினேன். வாங்க, காட்டறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இப்போது வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை. குடியிருப்பில் யாரும் எங்களுடன் பேசுவதில்லை. சூளைக்குச் சரக்கேற்றுகிற நாற்பது பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் எதிர்வீட்டுக்காரரும் ஒருவர். அவர் மனைவி வாலுவைத் தன் பெண்ணுடன் விளையாட விடுவதில்லை. சூளை நின்றால் ஆட்கள் வெளியே நிற்பார்கள் என்று உனக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். மற்றதற்குக் கேட்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தவில்லை. "செவ்வாக்கிழமைன்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி அந்த இடத்தைப் படிக்கச் சொன்னாள்.

சதவீதம் உங்கள் ஊரிலிருந்து திரும்பியதும் என் மேசைக்கு வந்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்மா" என்றார். சரிதான், சொல்லியிருக்கலாம். அந்த அறிக்கையைப் பாராட்டி மேலே எழுதியவர் அவர். இப்போது ஒருவருக்கொருவர் தாள் மட்டும் கொடுத்துக்கொள்கிறோம்.

அளவுகோலை எடுத்துவிட்டார்கள். ஆற்றோரத்து ஆலைக்கு இன்னொரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உன் எதிர்வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. நாற்பது பேருக்கு என்ன வழி என்று எங்கள் விதிப்புத்தகத்தில் இல்லை, தேடிப் பார்த்தேன்.

பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டாவது வாலுவை அனுப்பு. இங்கே அவளோடு விளையாட ஆள் இருக்கிறது. அம்மா ஓடவும் ஆரம்பித்துவிடுவாள் போலிருக்கிறது.

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வாலு உங்களிடமிருந்து வந்ததிலிருந்து யார் நடந்தாலும் குறை சொல்கிறாள். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கவில்லை.

ஒரு மாதமாக வேலைக்குப் போகிறேன். சூளையை ஓட்டுகிற பழைய கண்ட்ரோல் ரூம் இல்லை, களிமண் முற்றம். பதவி இரண்டு படி கீழே. மேலாளர் மாறிவிட்டார். புதியவர் கேட்டார், "எங்க போடணும் உன்னை?" களிமண் எங்கே கெட்டதோ அங்கே என்றேன். மழைக்கு முன்னால் வெட்டி, பரப்பி, வெயிலில் காயவைத்து, கூரைக்கடியில் சேர்த்துவைக்க வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான். அப்போது எனக்கு உலைதான் கண்ணில் பட்டது, மண் படவில்லை. காயவைக்கவும் கிளறிவிடவும் ஆள் வேண்டும் என்று நச்சரித்தேன், ஒன்பது முறை. நாற்பது பேரில் இருபத்தாறு பேரை எடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் அதில் இல்லை. அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாம் சூளை நிஜமாகவே நின்றுவிட்டது. குறைவாகத்தான் சிமெண்ட் அரைக்கிறோம். போன மாதம் ஒரு டன்னுக்கு அறுநூற்று நாற்பது கிலோ. மழை வந்தால் கூடலாம். கூடினால் கூடியது என்று எழுதுவேன்.

நேற்று இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஆற்றோரத்து ஆலையிலிருந்து. ஒருவர் அங்கே வேதிப்பரிசோதனை பார்க்கிற அம்மா, நரைத்த தலை, கையில் நீளமான நோட்டு. உனக்குப் பழகிய கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் உலை பார்க்கிறவர். வாசலில் என் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவர்கள் நேராக முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

"சரியா பண்ணினது எங்களுக்கு வேணாங்க. புத்தகத்துல இருக்கு. எங்க தப்பாச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

சொன்னேன். ஈரம் எவ்வளவு இருந்தால் ஒட்டும், எந்தச் சூட்டுக்குக் கீழே வேகாது, வெந்ததும் வேகாததும் கலந்தால் சிமெண்ட் எப்படித் தண்ணீர் குடிக்கும், மூட்டை எத்தனையாவது நாள் திரும்பி வரும். என்றைக்கு அதை நோட்டில் எழுதாமல் விட்டேன், மறுநாள் எழுதாமல் விடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது, அதையும். இரண்டு மணி நேரம் ஆனது. நின்றுகொண்டே எழுதினார். எழுதி முடித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. உக்காருங்க" என்றேன்.

உன் தம்பி